மண்ணுக்குள் போகும் மூன்றாவது கம்பி

இன்று காலை உன் கம்ப்யூட்டரைத் தொட்டேன். விரல் நுனியில் எறும்பு ஊர்ந்த மாதிரி சுருசுருவென்றது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, அந்தச் சந்தன நிறப் பெட்டிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

பிளக்கை மாட்டி, சுவரில் இருக்கிற சுவிட்சை மட்டும்தான் போட்டிருந்தேன். நீ போன இந்த நான்கு மாதத்தில் அதைக்கூடச் செய்ததில்லை. வீட்டுக்காரர் இந்த இடத்தை ஃப்ளாட் கட்டுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். ஒவ்வொரு சாமானாகக் கட்டிக்கொண்டு வந்தேன். உன் புடவைகளைக் கட்டினேன், மாத்திரை டப்பாவைக் கட்டினேன், எக்ஸ்ரே கவர்களைக் கட்டினேன். எனக்கு இப்போதெல்லாம் அழுகை வருவதில்லை. இந்தப் பெட்டியை மட்டும் கடைசி வரை தள்ளி வைத்திருந்தேன்.

அந்தச் சுருசுருப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். பின்பக்கம் முருங்கை மரத்தடியில் நாம் வெட்டிய எர்த் குழி காய்ந்துவிட்டது. நான்கு மாதமாக அதில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. வெளியே கத்திரி வெயில்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டிருக்கிறது என்றார் டாக்டர். "வால்வு சரியா மூடல. ரத்தம் பின்னாடி கசியுது. படி ஏறக் கூடாது, எடை தூக்கக் கூடாது, அதிர்ச்சியான விஷயம் எதுவும் வேணாம். ஆபரேஷன் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார். நீ தலையாட்டிக்கொண்டே கேட்டாய். கசியுது என்ற சொல் மட்டும் எனக்குள் நின்றது. மறைமலை நகரில் கார்களுக்குப் போகும் ஒயர்களைச் சோதிக்கிறவன் நான். ஒயரில் அதிக வோல்ட் ஏற்றி, எங்கேயாவது கசிகிறதா என்று மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் நாள் முழுக்க என் வேலை. கசிகிற ஒயரைச் சிவப்புக் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பேன். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

தாம்பரத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்ததை நீ விட்டுவிட்டாய். முடிச்சூரில் இந்த வீட்டைச் சுற்றி அப்போது பாதி வயல், பாதி மனைக் கல். காலை ஆறு மணிக்கு நான் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பினால் சாயங்காலம் வரை நீ தனியாக இருந்தாய். பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா மட்டும் அடிக்கடி எட்டிப் பார்ப்பார். ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாய்.

"எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணுங்க. கார் ரேஸ் ஆடற மாதிரி."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஓடக் கூடாதுன்னு சொன்னாரு. உக்காந்துகிட்டு ஓட்டக் கூடாதுன்னு சொல்லல."

சென்டரில் மத்தியான இடைவேளையில் நீ அந்த மலைப்பாதை ரேஸை ஆடுவாய் என்றும், மாணவர்கள் யாரும் உன்னை ஜெயித்ததில்லை என்றும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முழுசாக ஒரு மிஷின் வாங்க நம்மால் முடியாது. பாகம் பாகமாகப் பொறுக்கி நானே மாட்டிவிடலாம் என்றேன். மூன்று வாரம் நோட்டில் எழுதி எழுதி அடித்தோம். நீ எழுதியதெல்லாம் வேகத்துக்கு: ப்ராசஸர், ராம், படம் காட்டுகிற கார்டு. நான் எழுதியதெல்லாம் பயத்துக்கு: மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற நல்ல எஸ்எம்பிஎஸ் பெட்டி, ஸ்டெபிலைசர், தடிமனான பவர் கேபிள். உன் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம், வளைவில் ஒரு லாரி எதிரே வந்தால் உனக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

நான் மட்டும் போய் வாங்கி வருகிறேன் என்றேன். "என் மிஷின். நான்தான் பொறுக்குவேன்" என்று கிளம்பிவிட்டாய். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படி ஞாபகம் இருக்கிறதா? பதினைந்தாவது படியில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அந்த கூட்ஸ் வண்டியப் பாருங்களேன், எவ்ளோ நீளம்" என்றாய். உனக்குக் கூட்ஸ் வண்டியில் அக்கறை இல்லை. நான் பெட்டிகளை எண்ணுகிற மாதிரி நின்று உன் மூச்சை எண்ணினேன். கடைசிப் பெட்டி போன பிறகும் நாம் கொஞ்ச நேரம் வெறும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ரிச்சி தெருவில் ஒரு மாடிப் படிக்கட்டுக்கு அடியில் இருந்த கடை. கடைக்காரர் உன்னை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார்.

"இன்னா சார், கேம் ஆடறதுக்கா? பசங்களுக்கா?"

"பசங்களுக்கு இல்லண்ணா. எனக்கு" என்றாய் நீ.

"அடேங்கப்பா! அக்கா ஆடப்போறாங்களா? அப்போ ப்ராசஸர் பெருசா போட்டுக்கோங்க. டிஸ்ப்ளே போர்டுலயே கீது, தனிக் கார்டு எதுக்கு?"

"வேணாம்ணா. போர்டுல இருக்கறத வெச்சு ஆடினா நேர் ரோட்டுல ஓடும், வளைவுல படம் நிக்கும். ப்ராசஸர் ஒரு படி கீழ போடுங்க. கார்டு தனியா குடுங்க."

அவர் உன்னை மரியாதையாகப் பார்த்தார். பிறகு நான் ஆரம்பித்தேன். கேபினெட் என்கிற வெளிப்பெட்டியோடு வருகிற எஸ்எம்பிஎஸ் வேண்டாம், தனியாக வேண்டும் என்றேன். எடுத்துக் கொடுத்ததைக் கையில் வைத்து எடை பார்த்தேன். பையிலிருந்து மீட்டரை எடுத்து அவர் மேஜை மேலேயே சோதித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்தேன்.

"சார், எல்லாரும் உள்ள இருக்கறத பாப்பாங்க. நீ பொட்டிய மட்டும் பாத்துகினே கீறியே. பொண்ணு பாக்க வந்தியா, கம்ப்யூட்டர் வாங்க வந்தியா?"

"அவர் அப்படித்தாண்ணா. இன்ஸ்பெக்டர் சார். பொண்ணு பாக்க வந்தப்ப மட்டும் ஒண்ணும் பாக்காம ஓகே சொல்லிட்டாரு" என்றாய். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

கடைசியில் நீ கேட்ட கார்டும் நான் கேட்ட எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்ந்தபோது ஏதாவது ஒன்றை விட வேண்டியிருந்தது. சவுண்ட் கார்டில் உன் விரல் நின்றது. எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. திடீர்ச் சத்தம் கேட்டு உனக்குத் தூக்கிவாரிப் போடாது இல்லையா? இதை உன்னிடம் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

"சவுண்ட் வேணாங்க" என்றாய். "அத நானே போட்டுக்கறேன்."

வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்தில் பாயை விரித்து, நான் மாட்டினேன். நீ ஒவ்வொரு திருகாக எடுத்துக் கொடுத்தாய். திரையில் முதல் எழுத்து வந்தபோது என் தோளைக் குத்தினாய். சுட்டியை எடுத்துக்கொண்டு, தற்செயலாக இன்னொரு கையைக் கேபினெட்டின் மேல் வைத்து, "ஐ, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கே" என்று சிரித்தாய்.

நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

உன் முகம் எப்படிச் சுருங்கியது என்று பார்த்தேன். ஆனாலும் மாட்டவில்லை. இப்படிப்பட்ட பெட்டிகள் எல்லாவற்றிலும் சிறிது மின்சாரம் வெளித் தகரத்துக்குக் கசியும். பிளக்கின் மூன்றாவது கம்பி அதை மண்ணுக்குள் கொண்டுபோய்விடும். அந்தக் கம்பி இல்லையென்றால் தொடுகிறவர் விரல் வழியாகப் போகும் என்று உனக்குச் சொன்னேன். சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்தால் மூன்றாவது ஓட்டையில் கம்பியே இல்லை. அந்தக் கசிவு ஒரு ஆளைக் கொல்லாது. படித்திருக்கிறேன், அளந்திருக்கிறேன். ஆனால் படித்ததெல்லாம் நல்ல இதயத்துக்கு எழுதியது.

வீட்டுக்காரரிடம் போய் எர்த் போட வேண்டும் என்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தான் நெல் விளைத்த மண்ணையே ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னா தம்பி, ஃபேன் ஓடுது, லைட்டு எரியுது, இன்னும் இன்னா எர்த்து? சரி, தோண்டிக்கோ. முருங்க வேர்ல மட்டும் கை வெக்காத."

மும்தாஜ் அக்காவின் கணவர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார் அல்லவா, அவர் இரும்புக் குழாயில் வரிசையாக ஓட்டை போட்டுக் கொடுத்தார். ஆள் உயரத்துக்குத் தோண்டினேன். குழாயை நிறுத்தி, சுற்றி ஒரு அடுக்கு கல் உப்பு, ஒரு அடுக்கு அடுப்புக்கரி, மறுபடியும் உப்பு, மறுபடியும் கரி. நீ பின்வாசல் படியில் உட்கார்ந்துகொண்டு, "என்னங்க, எர்த் போடறீங்களா, ஊறுகா போடறீங்களா?" என்று கத்தினாய். அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் சிரித்தார்.

குழாயிலிருந்து ஒரு கம்பியை இழுத்து அந்த மூன்றாவது ஓட்டையில் மாட்டி, குழாய் வாயில் ஒரு புனலை வைத்தேன். மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது. தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றேன். நீ ஊற்றக் கூடாது, பக்கெட் கனம், நான்தான் ஊற்றுவேன் என்றேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பும் முன் ஒரு பக்கெட் ஊற்றிவிட்டு, உள்ளே வந்து புறங்கையால் கேபினெட்டைத் தொட்டுப் பார்த்து, "இப்ப போடலாம்" என்று சொல்லிவிட்டுப் போவேன். மழைக்காலத்திலும் ஊற்றினேன். தெரு முழுக்கத் தண்ணீர் நின்றபோது குடை பிடித்துக்கொண்டு நான் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதை வீட்டுக்காரர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

நீ ஓட்ட ஆரம்பித்தாய். சவுண்ட் கார்டு இல்லாததால் வாயாலேயே சத்தம் போட்டாய். கியர் மாற்றும்போது ஒரு சத்தம், வளைவில் டயர் தேயும்போது ஒரு சத்தம், இடித்தால் "போச்சு போச்சு போச்சு." ஞாயிற்றுக்கிழமைகளில் உன் பின்னால் நின்று நான் திரையைப் பார்க்காமல் உன் கழுத்து நரம்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "அங்க என்ன ரேஸ் ஓடுது? இங்க பாருங்க" என்பாய். மும்தாஜ் அக்கா சுவருக்கு அப்பாலிருந்து, "என்னடி, ஊட்டி போய்ச் சேந்துட்டியா?" என்று கேட்பார். "இன்னும் ரெண்டு வளைவுக்கா!"

அந்தத் தை மாத நாளுக்கு வருகிறேன். இத்தனை நாளும் இங்கே வராமல்தான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

காலையில் எனக்கு எழ நேரமாகிவிட்டது. பனி. அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். பெருங்களத்தூரில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான், குழிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை என்பது நினைவுக்கு வந்தது. எதிரே இருந்த எஸ்டிடி பூத்தில் அக்கா வீட்டு போனுக்குப் பேசினேன். "அக்கா, தண்ணி ஊத்தல. மிஷினைப் போட வேணாம்னு சொல்லிடுங்க." அவ்வளவுதான் சொன்னேன். பஸ் வந்துவிட்டது.

பத்து மணிக்குக் கம்பெனி கேட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். உன் செருப்பு அவர் மடியில் இருந்தது. டாக்டர் தோளைத் தொட்டு, இந்த மாதிரி வால்வு எப்போது வேண்டுமானாலும், தூக்கத்தில்கூட நின்றுபோகும் என்றார். சரி என்றேன்.

வீட்டுக்கு உன்னைக் கொண்டுவந்த பிறகு, குளிர்பெட்டி கொண்டுவந்தவர் என்னிடம்தான் கேட்டார். "சார், எர்த்து கீற பாயிண்ட்டு எது?" நான் கையைக் காட்டினேன். வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவர் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தன் பிளக்கை மாட்டினார். உன் குளிர்பெட்டி உறுமத் தொடங்கியது. சுவிட்ச் அதற்கு முன் போட்டிருந்ததா, அணைந்திருந்ததா என்று நான் பார்க்கவில்லை. இனி அதைப் பார்க்க வழியும் இல்லை.

அன்றிலிருந்து இந்த ஒரே கேள்விதான். நான் சொன்ன பிறகும் நீ மிஷினைப் போட்டாயா? ஊற்றாத குழியோடு, அந்த எறும்பு விரலில் ஊர, வளைவில் லாரி எதிரே வர... நான் பாகம் பாகமாகப் பொறுக்கிக் கட்டியது உன்னைக் கொன்றதா? பதில் தெரிந்தவர் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். வாயாலேயே நீ ஓட்டுவாயே. அன்றைக்குச் சத்தம் கேட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். நான்கு மாதம் கேட்கவில்லை. அக்கா துணி உலர்த்தும் சத்தம் கேட்டால் நான் பின்கதவைச் சாத்திவிடுவேன். அவரும் என்னைத் தெருவில் பார்த்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாகப் போய்விடுவார். அவருக்கு ஏதோ தெரியும், அதனால்தான் போகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்று காலை விரலில் அந்தச் சுருசுருப்பு வந்த பிறகு பக்கெட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். இடுப்புயரச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். உள்ளே போகப் போனார். அதற்குள் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு வண்டிச் சத்தம் கேட்டுச்சா?"

அவர் கையில் இருந்த சாம்பலைத் தட்டிவிட்டுத் திரும்பினார்.

"இல்ல தம்பி. கேக்கல."

"நல்லா ஞாபகம் இருக்காக்கா?"

"அவ மிஷினே போடல. நீ சொன்னத வந்து சொன்னேன். சிரிச்சா. எட்டு மணிக்கு மேல ஒரு சொம்பை எடுத்துகினு வந்தா. பக்கெட்டு இல்ல, சொம்பு. உங்க பின்வாசப் படியில வெச்ச தண்ணித் தவலையிலேந்து மொண்டு மொண்டு ஊத்தினா. 'குடுடி, நான் ஊத்தறேன்'னேன். தரமாட்டேன்னுட்டா."

"மிஷின் போடறதுக்காகவா ஊத்தினா?"

"மிஷினுக்கா?" அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "'எனக்கு ஒண்ணும் பயமில்லக்கா. அந்த மனுஷன் அங்க வேலையில நின்னுகினு இந்தக் குழியவே நெனச்சுகினு இருப்பாரு. மத்தியானம் போன் பண்ணுவாரு பாருங்க, ஊத்தியாச்சுன்னு சொல்லிடுங்க. நிம்மதியா சாப்பிடுவாரு'ன்னா. ஏழெட்டு சொம்பு ஊத்தியிருப்பா. அப்புறம் படியில உக்காந்தா. 'ஒரு நிமிஷம்க்கா'ன்னா. அவ்ளோதான்."

முருங்கைப் பூ ஒன்று புனலில் விழுந்திருந்தது. நான் அதை எடுத்துச் சுவர் மேல் வைத்தேன்.

"நான் புடுங்கி ஊத்தியிருக்கணும் தம்பி. அதான் உன் மூஞ்சப் பாக்கவே பயமா இருந்துச்சு. நீ கேட்டுருவியோன்னு."

"எனக்கும் பயந்தான்க்கா. கேக்க."

உன் மிஷின் உன்னை ஒன்றும் செய்யவில்லை. நான்கு மாதமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான் என்று நினைத்திருந்தேன். தெரிந்த பிறகு படியில் உட்கார்ந்தேன். தை மாதம். அப்போதுதான் மழை ஓய்ந்திருந்தது. முடிச்சூர் முழுக்க வரப்பில் கால் வைத்தால் புதைந்தது. அந்தக் குழிக்கு அன்றைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தேவையில்லை. மீட்டரே வேண்டாம், கைப்பிடி மண்ணை எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும்தான் போன் பண்ணினேன். நீ ஊற்றியது குழிக்கு இல்லை.

அந்த ஏழெட்டுச் சொம்புதான் உன் இதயத்தை நிறுத்தியதா, இல்லை எப்படியும் அந்தக் காலை அப்படித்தான் முடிந்திருக்குமா? இதை யாரிடம் கேட்பது? டாக்டரிடம் கேட்டால் பழைய பதிலையே சொல்வார். புதுசாக ஒரு பயம் வந்து பழைய பயத்தின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், நீ மொண்ட அந்தச் சொம்பைக் கட்டி வைத்த மூட்டையிலிருந்து பிரித்து எடுத்து வந்தேன். மொண்டு மொண்டு ஊற்றினேன். மண் குடிக்கிற சத்தம் கேட்டது. கரியும் உப்பும் நனைகிற வாசனை மேலே வந்தது. அக்கா சுவரோரமாகவே நின்றார். எட்டாவது சொம்போடு நிறுத்த முடியவில்லை. பக்கெட் காலியாகும் வரை ஊற்றினேன்.

அரை மணி நேரம் கழித்து உள்ளே போய்ப் புறங்கையால் கேபினெட்டைத் தொட்டேன். ஒன்றும் இல்லை. வெறும் தகரம், குளிர்ச்சியாக.

பட்டனை அழுத்தினேன். உன் மலைப்பாதை வந்தது. உன் சிவப்புக் கார் கோட்டில் நின்றது. ஓட்டினேன். சத்தமே இல்லாமல் ஓடியது. எனக்கு வாயால் சத்தம் போட வரவில்லை. நேர் ரோட்டில் பரவாயில்லை. முதல் வளைவில் பாறையில் இடித்தேன். படம் நிற்கவில்லை. நீ அந்தக் கார்டைப் பொறுக்கியது சரிதான்.

போன வாரம் மறைமலை நகர் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனேன். தண்ணீர் நன்றாக வரும், பஸ் பக்கம் என்று அந்த வீட்டின் சொந்தக்காரர் சொல்லிக்கொண்டே போனார். நான் பின்பக்கம் மண் தரை இருக்கிறதா என்று கேட்டேன். "தோட்டம் போடுவீங்களா?" என்றார். எர்த் போட வேண்டும் என்றேன். "வீட்ல எத்தன பேரு?" என்றார்.

அங்கேயும் தோண்டுவேன். இனி தொடப்போவது நான் மட்டும்தான், என் இதயத்துக்கு ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் ஊற்றாமல் என்னால் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போக முடியாது.

சாமான்கள் எல்லாம் கட்டியாகிவிட்டது. பக்கெட்டை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். சொம்பைத் தனியாகக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.